காட்டுச் செங்கோழியும் எங்கள் வீட்டுக்கு வந்த கோழியும்

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் ஒரே ஒரு பறவையைப் பற்றித்தான் பேசத் தெரியும். எங்கள் ஏரியில் நாரைகள் கூட்டமாக வந்து இறங்கினால் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கும். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்கு வேண்டியது அந்தமான் காட்டில் மட்கின இலைக்குள் ஓடித் திரிகிற ஒரு கோழி. அதையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றைப் பற்றி ஒரு மனுஷன் இவ்வளவு பேச முடியும் என்பதைக் கல்யாணமான புதிதிலேயே நான் தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் சனத்துக்கு வேலை என்றால் நடவும் களையெடுப்பும் அறுப்பும்தான். அதுவும் ஏரி நிரம்பினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் மிஷன்காரர்கள் புண்ணியத்தில் டீச்சர் டிரெய்னிங் முடித்து, ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் சேற்றில் இறங்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. அவருக்குப் படிப்பு ஏறவில்லை. ஊரில் ஆள் பிடிக்க வந்த ஏஜெண்டு சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றிவிட, அந்தமானில் மரம் வெட்டும் முகாமுக்குப் போனார். வெட்டின மரத்தை யானை இழுக்கும். இழுப்பதற்குச் சங்கிலி மாட்டுவது இவர் வேலை. கல்யாணம் ஆன பிறகும் அங்கேதான் இருந்தார். ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். இரண்டு மாதம் இருப்பார், போவார்.

வந்தால் அந்தக் கோழிப் பேச்சு. முகாமில் அதைச் செங்கோழி என்பார்களாம். மழை பெய்து காடு சொட்டிக்கொண்டிருக்கும்போது ஓடைப் பக்கத்துப் புதரிலிருந்து, தவளை போல அடித்தொண்டையில், குரூப், குரூப் என்று கத்துமாம். கத்துகிற இடத்துக்குப் போனால் இலை மட்டும் ஆடும். ஒருநாள் சாய்ந்து கிடந்த மரத்துக்கு அடியில் கால் இரண்டும் தெரிந்ததாம். இன்னொரு நாள் வேரைத் தாண்டிக் குதித்தபோது வயிறு. வேறொரு மழைக்காலத்தில் இலைச் சந்தில் கண். இப்படித் துண்டு துண்டாகப் பல வருஷம் பார்த்து, மனசுக்குள் ஒரு கோழியை ஒட்டவைத்து வைத்திருந்தார்.

முழுசாகப் பார்க்காததற்கு ஒரு காரணம் இருந்தது. முகாமில் ஒரு பேச்சு. செங்கோழியைத் தலை முதல் வால் வரை ஒரே பார்வையில் பார்த்தவன் ஊருக்குப் போனாலும் ஊரில் தங்க மாட்டான், காடு அவனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று. யாரோ ஒரு பழைய ஆள் ஓடையில் அது குளிப்பதைப் பார்த்தாராம். கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போனவர் அந்த வருஷமே திரும்பி வந்து, காய்ச்சலில் அங்கேயே போய்ச் சேர்ந்தாராம். அதிலிருந்து புதரில் ஏதாவது சிவப்பாக அசைந்தால் முகாம்காரர்கள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்கள். ஓரக்கண்ணால் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான். சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது, எனக்கு இன்றைக்கு வால் காட்டியது, எனக்கு மூக்கு காட்டியது என்று பேசிக்கொள்வார்களாம்.

"பெரிய ஆம்பளைங்க, ஒரு கோழிக்குப் பயந்துகினு" என்று நான் சிரிப்பேன்.

"நீ அந்தக் காட்டப் பாக்கல மே. பாத்தா சிரிக்க மாட்ட" என்பார்.

எங்கள் பெண் பிறந்தபோது அவர் அங்கே இருந்தார். அவர் முதல் தடவை அவளைப் பார்த்தபோது அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். பார்த்தவுடன் தூக்கினார், அவள் வீறிட்டாள். அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் போனவள்தான். ஒவ்வொரு லீவிலும் அவர் வாசலில் பெட்டியை இறக்கினால், அவள் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் போய் நின்றுகொள்வாள். சிப்பி, சங்கு, சோழி என்று கொண்டுவந்து காட்டிக் கூப்பிடுவார். ஒரு கை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போகும். அவரை மாமா என்றாள். அப்பான்னு சொல்லு என்று அடித்துக்கூடப் பார்த்தேன். வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

எழுபதுகளில் எங்கள் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. முந்திரித் தோப்பையும் கொல்லை மேட்டையும் வளைத்து மதில் எழுப்பினார்கள். கடலை போட்ட நிலத்தில் லாரி நின்றது. இரும்புக் கம்பி இழுக்கிற ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இனி உள்ளூரிலேயே பிழைக்கலாம் வந்துவிடுங்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வந்தார். காண்டிராக்டில் வேலையும் கிடைத்தது. பெர்மனெண்ட் பண்ணுவோம், பண்ணுவோம் என்றார்கள், பண்ணவில்லை.

பெண் ஒன்றாம் வகுப்பு போகத் தொடங்கியிருந்தாள். அப்பா இனி எங்கேயும் போக மாட்டார் என்று சொன்னேன். அவள் அதை நம்பினதாகத் தெரியவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வருகிற சைக்கிள் சத்தம் கேட்டால் கதவுச் சந்துக்குப் போய்விடுவாள். தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்துச் சாப்பிடுவாள். அவர் குனிந்து, "வா கண்ணு, வா" என்று கையை நீட்டுவார். இன்னும் உள்ளே ஒட்டிக்கொள்வாள். சில நாள் பொறுமையிழந்து கையைப் பிடித்து இழுப்பார், அன்றைக்கு வீடு ரணகளமாகிவிடும்.

அவருக்கும் கம்பெனி பிடிக்கவில்லை. "காதுக்குள்ள லாரி ஓடினே கீது மே" என்பார். காய்ந்த இரும்பின் வெக்கையில் நின்றுவிட்டு வந்து, வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நின்று வானத்தைப் பார்ப்பார். ஐப்பசி பிறந்த சமயம் அவருடைய பழைய முகாம் கூட்டாளி வந்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர், லீவில் வந்திருந்தார்.

"மேஸ்திரி உன்னியத்தான் கேக்கறாரு நைனா. சங்கிலி வேலைக்கு உன்ன மாதிரி ஆளு இல்லியாம். தீபாவளி கழிச்சுக் கப்பல் கீது. வர்றியா?"

அவர் பீடியை எடுத்துப் பற்றவைத்தார். கூட்டாளிக்கு டீ கொடுத்து அனுப்பினேன். மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை என்றால் மனுஷன் பாதி போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை போனால் அந்தப் பெண் தகப்பன் இல்லாத பிள்ளையாகவே வளர்ந்துவிடும். எனக்கிருந்த கவலை அது ஒன்றுதான்.

தீபாவளிக்கு முன்னால் புயல் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் லீவு. காலையில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிந்துகொண்டிருந்தபோது, குளிக்கிற ஓலைத் தடுப்புக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று அடுப்பங்கரை வழியாக ஓடி, கட்டிலுக்குக் கீழே போய், கோணி மூட்டைக்குப் பின்னால் பதுங்கியது. பெருச்சாளி என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தேன். கதவுச் சந்தில் இருந்த பெண் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள். குனிந்து பார்த்தேன். கோழிக்குஞ்சை விடக் கொஞ்சம் பெரிசு. நனைந்து, வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஓட முடியாத களைப்பு. கூடையைப் போட்டு மூடினேன்.

பக்கத்து வீட்டு அக்கா குடையில்லாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து பார்த்தாள். "கானாங்கோழிதான் டீச்சரு. மெளகு போட்டு வறுத்தா பசங்களுக்குச் சளிக்கு நல்லது" என்றாள்.

"கானாங்கோழிக்கு மாரு வெள்ளையா இருக்கும்க்கா. இதுக்குச் சிவப்பா கீதே."

"வறுத்தா எல்லாம் ஒரே கலருதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அவருக்கு நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வருகிற முறை. சொட்டச் சொட்ட வந்தார். கூடையில் என்ன என்று கேட்டு, பின்னல் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மே... செங்கோழி மே."

"சும்மா இருங்க. துணிய மாத்துங்க மொதல்ல."

"செவப்பு மாரு, செவப்புக் கண்ணு, வவுத்துல கோடு கோடா. அதே தான். முழுசாப் பாத்துட்டேன் மே. கடலத் தாண்டி என்னியத் தேடிக்கினு வந்துகீது பாரு." கூடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பயமா, சந்தோஷமா என்று எனக்குப் புரியவில்லை. "இனிமே இங்க தங்க முடியாது. கூட்டாளி கிட்டச் சொல்லி அனுப்பணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் பெற்ற பெண் ஒரு கதவைத் தாண்டி வரவில்லை, கோழி கடலைத் தாண்டி வந்துவிட்டதாம்! அடுப்பை அப்படியே போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தேன். சந்தேகம் என்று வந்தால் பிள்ளைகளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்பது என் பழக்கம். அவரைக் கூடைக்கு முதுகு காட்டித் திரும்பி உட்காரச் சொன்னேன். நான் கூடையை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தமான்ல பாத்த கோழிக்குக் கால் இன்னா கலரு?"

"பச்ச. வெளிறின பச்ச. பாவக்காத் தோலு கணக்கா."

"வயிறு?"

"கறுப்பு. அதுல வெள்ள வெள்ளயா கோடு."

"கண்ணு?"

"ரத்தச் செவப்பு."

உள்ளே பார்த்தேன். வயிறும் கண்ணும் அவர் சொன்னபடிதான் இருந்தன. ஒரு நிமிஷம் எனக்கே திக்கென்றது. ஆனால் கால் பச்சையாக இல்லை. பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டின் சாம்பல் நிறம்.

"கால் பச்ச இல்ல. நீங்களே திரும்பிப் பாருங்க."

பார்த்தார். "சேறு ஒட்டிக்கினு இருக்கும்."

விரலைத் தண்ணீரில் நனைத்து அதன் காலைத் துடைத்துக் காட்டினேன். சாம்பல் சாம்பலாகவே இருந்தது. மறுபடி திரும்பி உட்காரச் சொன்னேன்.

"முதுகு?"

"செவப்பு. தலையில இருந்து வாலு வரிக்கும் ஒரே செவப்பு. செங்கல்லு மாதிரி."

இதற்குத் தலையும் மாரும்தான் செங்கல் நிறம். முதுகு, இறக்கை, வால் எல்லாம் ஈர மண்ணின் பழுப்பு. தொண்டை எப்படி என்று கேட்டேன். தொண்டையும் சிவப்புதான் என்றார். கூடைக்குள் இருந்ததற்குத் தொண்டையில் வெள்ளை இருந்தது. உருவம் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அந்தக் கைக்குள் இது போக இடம் மீதியாகும்.

அவர் விடவில்லை. குஞ்சாக இருக்கும் என்றார். பெட்டையாக இருக்கும் என்றார். கடல் மேல் பறந்ததில் இளைத்து நிறம் மாறியிருக்கும் என்றார். பரீட்சையில் பெயிலான பையன்கூட இவ்வளவு காரணம் சொன்னதில்லை. சரி, கத்தட்டும் பார்க்கலாம் என்றேன். மழை பெய்கிறது, செங்கோழி என்றால் கத்த வேண்டுமே. நாள் முழுக்க அது வாயைத் திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து, எனக்குத் திருவள்ளூருக்கு மாற்றலாகியிருந்தபோது, அங்கே நூலகத்தில் ஒரு தடிமனான பறவைப் புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். இரண்டும் பங்காளிகள்தான். கானாங்கோழி வகைகளிலேயே ஆள் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்கிற சாதி. பெரியது, பச்சைக் காலும் பச்சை மூக்கும் உடம்பெல்லாம் சிவப்புமாக இருப்பது, அந்தத் தீவுகளை விட்டு எங்கேயும் போவதில்லை. சின்னது, சாம்பல் காலுடையது, வடக்கே மழைக்காடுகளில் பிறந்து, வாடைக் காற்றோடு தெற்கே வருகிறது. பகலில் நடந்தும் ஒளிந்தும் திரிகிற அந்தச் சின்ன உடம்பு இரவில் அவ்வளவு தூரம் பறக்கிறது. நம் மலைகளிலும் சிலோன் காடுகளிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறது. வழியில் களைத்துப்போய்க் கீழே இறங்கும்போது, கொட்டகையோ அடுப்பங்கரையோ, இருட்டாக எது தெரிகிறதோ அதற்குள் ஓடிப் புகுந்துகொள்ளுமாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. சிலேட்டு நிறக் கால் ஒன்றுதான் என் கையிலிருந்த ஆதாரம்.

அரிசி போட்டேன், கேழ்வரகு போட்டேன், கோழி தொடவில்லை. பெண் கதவுச் சந்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துவிடுமோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. அவர் எழுந்து வெளியே போனார். முந்திரி மரத்தடியிலிருந்து ஊறின சருகை ஒரு கோணி நிறைய வாரிக்கொண்டு வந்து கூடையின் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே தள்ளினார். மண்ணும் புழுவும் சேர்ந்தே வந்திருந்தன. தள்ளிவிட்டு எட்டி உட்கார்ந்து, முகாம் பழக்கத்தில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு கூடைக்குள் சருகு புரளுகிற சத்தம் கேட்டது. மூக்கால் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது. பெண் கதவுச் சந்திலிருந்து இரண்டு அடி வெளியே வந்து கூடையைப் பார்த்தாள். அவர் இந்தப் பக்கம் தலையைத் திருப்பினார், அவ்வளவுதான், மறுபடி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. காப்புக்காட்டு ஓரத்தில் விட்டுவிடலாம் என்று கிளம்பினோம். வாயைத் துணியால் கட்டின கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போனார், நடுவில் நான், எனக்குப் பின்னால் எட்டத்தில் பெண். காரைப் புதர்களுக்குப் பக்கத்தில் இறக்கித் துணியை அவிழ்த்துக் கூடையைச் சாய்த்தார். கோழி ஒரு கணம் நின்றது. பிறகு கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடியது. அந்தச் சமயம் பார்த்து எங்கிருந்தோ ஒரு நாய் குறுக்கே பாய, கோழி படபடவென்று எழும்பி, நாவல் மரத்தில் ஒரு கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது. காலும் வயிறும் முதுகும் எல்லாம் தெரிய, நாங்கள் மூன்று பேரும் பார்க்க, அங்கேயே இருந்தது.

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "செங்கோழி மரம் ஏறாது" என்றார் கடைசியில். "எவ்ளோ தொரத்தினாலும் தரையிலதான் ஓடும். இது வேற கோழி மே."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. முகாம்காரர்கள் சாத்திரப்படி இவரை எந்தக் காடும் கூப்பிடவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். மனுஷன் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டாமா? கடையில் கேட்ட சாமான் இல்லை என்று திருப்பி அனுப்பின மாதிரி நின்றார். காடு தன்னைக் கூப்பிட வேண்டும் என்று இவர் ஆசைப்பட்டிருக்கிறார். கூப்பிட்டால் போவதற்கு ஒரு சாக்கு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"யோவ், ஒரு கோழிக்குக் கால் இன்னா கலரு, தொண்ட இன்னா கலருன்னு பாத்தும் பாக்காம அத்தன சொல்றியே. உன் பொண்ணுக்குச் சிரிச்சா எந்தக் கன்னத்துல குழி வுழும்? சொல்லு பாக்கலாம்."

அவர் திரும்பிப் பெண்ணைப் பார்த்தார். அவள் அதற்குள் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் போயிருந்தாள். பாவாடை ஓரம் மட்டும் தெரிந்தது.

"எம் முன்னாடி அது சிரிச்சதே இல்லியே மே" என்றார்.

நான் கூடையை எடுத்துக்கொண்டேன். மூன்று பேரும் வந்த மாதிரியே முன்னும் பின்னுமாக வீட்டுக்கு வந்தோம்.

தீபாவளி முடிந்ததும் கூட்டாளி மறுபடி வந்தார். இந்தத் தடவை அவரே பதில் சொன்னார், வருகிறேன் என்று. எனக்குச் சொன்ன காரணம் இதுதான்: "இங்க இருந்து இன்னா மே பண்றது? கம்பெனிக்காரன் பெர்மனெண்ட் பண்ண மாட்டான். பொண்ணு என்னப் பாத்தாலே ஒளியுது. நான் ஊட்ல இல்லன்னா அதுனாச்சும் நிம்மதியா சுத்திக்கினு இருக்கும்." அதில் பொய் இல்லை, அதனால்தான் என்னால் சண்டைபோட முடியவில்லை. போனால் போங்கள் என்று சொல்லிவிட்டு, தகரப் பெட்டியைத் துடைத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கும்போது கொஞ்சம் சத்தமாகவே அடுக்கினேன்.

அந்த நாட்களில் அவரிடம் ஒரு மாற்றம். பெண்ணைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கையை நீட்டுவதில்லை, குனிந்து பார்ப்பதில்லை. அவள் நடமாடினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு கைவேலை செய்துகொண்டிருப்பார். போகிற நேரத்தில் பிள்ளை மேல் என்ன வீம்பு என்று எனக்கு ஆத்திரம். கேட்டால் சண்டையாகும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பெண் தட்டைக் கதவுச் சந்திலிருந்து வெளியே கொண்டுவந்து, அடுப்பங்கரை நிலைப்படியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தாள்.

கிளம்புகிற அன்று மத்தியானம் சென்னை போகிற பாசஞ்சரைப் பிடித்து, அங்கிருந்து துறைமுகம் போவதாக ஏற்பாடு. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. கூட்டாளி வந்து அழைத்துப் போவார். அவர் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, வழக்கம்போலக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் வழிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து பார்த்தேன். உரித்த பருப்பை அவர் வாயில் போடவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகுக்குப் பின்னால் தரையில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் அடுத்ததை உரித்தார். அதையும் அங்கேயே வைத்தார்.

பெண் சந்திலிருந்து வந்தாள். ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். மறுபடி வந்தாள், எடுத்தாள், இந்தத் தடவை ஓடவில்லை, நின்று தின்றாள். அவர் உரித்துக்கொண்டே இருந்தார். அவள் கீழே உட்கார்ந்தாள். உட்கார்ந்து, எடுத்துத் தின்று தின்று, எப்போது என்று நான் கவனிக்கும் முன்னால், தன் முதுகை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டுவிட்டாள். காலை நீட்டிக்கொண்டு, சொந்த வீட்டுச் சுவரில் சாய்வதுபோல. அவர் கை நின்றுவிட்டது. தோளெல்லாம் கல்லாகிவிட்டது. கையிலிருந்த கட்டுச்சோற்றை நான் எங்கே வைத்தேனோ தெரியாது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டாளி வேகமாக வந்தார். "இன்னா நைனா இன்னும் குந்திக்கினு கீற? சிக்னல் போட்டுட்டான். எந்திரி, எந்திரி."

அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"மெதுவாப் பேசுப்பா. அசஞ்சா பூடும்."

கூட்டாளி அவரைப் பார்த்தார், அவர் முதுகில் சாய்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஸ்டேஷன் பக்கம் வண்டி ஊதியது. அவர் அசையவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. நான் அழுதுகொண்டே வாசலுக்குப் போய், பெட்டியைச் சத்தமில்லாமல் தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தேன்.